பெயர் இல்லாத இரண்டு நோயாளிகள்

போன மாதம் நிவேதா என்ற பெண் என்னைப் போனில் கூப்பிட்டாள். அடையாறில் ஸ்பீச் தெரபிஸ்டாக இருக்கிறாள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கென்று இணையத்தில் புதிதாக ஒரு தளம் கட்டுகிறார்களாம். பழைய மின்னஞ்சல் குழுவில் இருந்ததையெல்லாம் அங்கே மாற்றுகிற வேலை அவள் தலையில் விழுந்திருக்கிறது.

"மேடம், கேஸ் போடுறதுக்கு முன்னாடி சில கேள்விகளுக்குப் பதில் எழுதணும் இல்ல, அதுல கடைசிக் கேள்வியை எடுத்துடலாமா? யாருமே அதை நிரப்புறதில்ல. அது ஏன் இருக்குன்னே யாருக்கும் தெரியல."

அந்தக் கேள்வி இதுதான்: 'இவர் வேறு எங்காவது பயிற்சிக்குப் போகிறாரா? வீட்டாரிடம் கேட்டீர்களா?'

"எடுக்காதே, இருக்கட்டும்" என்றேன்.

"ஏன் மேடம்?"

போனில் சொல்ல வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். "ஷார்ட்டா இருந்தா போதும் மேடம்" என்றாள். சுருக்கமாக எழுதுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. பொறுமை இருந்தால் படிக்கட்டும்.

நான் சாந்தோம்காரி. எங்கள் வீட்டில் பெண்கள் என்றால் டீச்சர், இல்லாவிட்டால் நர்ஸ். இரண்டும் வேண்டாம் என்று அடம்பிடித்து வெளியூர் போய் ஸ்பீச் தெரபி படித்தேன். திரும்பி வந்தபோது அப்பா கேட்டார், "பேச்சு வராதவங்களைப் பேச வைக்க ஒரு படிப்பு இருக்குன்றியே, நம்ம வீட்டுல பேச்சைக் குறைக்க ஒரு படிப்பு இருந்தா அதையும் படிச்சிட்டு வாயேன்." படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. படித்ததைவிட அதிகமாக மயிலாப்பூரில் விஸ்வநாதன் சாரிடம் கற்றுக்கொண்டேன்.

லஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில், மாடியில், அவருடைய கிளினிக். கீழே எவர்சில்வர் பாத்திரக் கடை. பேச்சு வராத குழந்தைகள், திக்கிப் பேசுகிறவர்கள், பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்கள் என்று எல்லோரும் அந்தக் குறுகலான படியில்தான் ஏறி வருவார்கள். பாத்திரக் கடையில் ஏதாவது விழும் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிற குழந்தைக்குக் காது கேட்கிறது என்று சார் எழுதிக்கொள்வார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே எழுதிக்கொள்வார்.

சார் ஒல்லியான மனிதர். வெள்ளை அரைக்கை சட்டை, பையில் சிவப்புப் பென்சில். குரலை உயர்த்த மாட்டார். யாராவது தப்புச் செய்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அதற்குத் திட்டே தேவலை. நோயாளி பேசுவதைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். எங்களையும் அப்படியே கேட்கச் சொல்வார். "முகத்தைப் பாத்தா பாவமா இருக்கும் மிஸ் பிலோமினா. பாவப்பட ஆரம்பிச்சா காது கேக்காது. கண்ணை மூடிண்டு கேளுங்கோ." நோயாளிகளின் குரலை காசெட்டில் பதிவு செய்து, ஒரு மாதம் கழித்து மறுபடி பதிவு செய்து, இரண்டையும் ஒட்டிப் போட்டுக் கேட்பது அவருடைய முறை. குரலை வைத்து ஆளை அடையாளம் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

தொண்ணூறுகளின் பின்பகுதியில் அவருக்கு இணையப் பைத்தியம் பிடித்தது. அமெரிக்காவிலிருந்து வந்த மருமகன் ஒரு கம்ப்யூட்டரும் மோடமும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். மோடம் கூவுவதைக் கேட்டு எங்கள் ஆயா முனியம்மா முதல் நாள் படி இறங்கி ஓடிவிட்டாள். சாருக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அந்தக் காலத்தில் மாநிலம் முழுக்கவும் எங்கள் தொழிலில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மதுரையில் ஒருவர், கோயம்புத்தூரில் இருவர், வேலூரில் சிலர் என்று தனித்தனியாக உட்கார்ந்திருந்தோம். கஷ்டமான கேஸ் வந்தால் கேட்க ஆள் கிடையாது. "எல்லாரும் ஒரே ரூம்ல உக்காந்து பேசற மாதிரி இருக்கணும்" என்று சொல்லி ஒரு மின்னஞ்சல் குழுவைத் தொடங்கினார். கேஸ் போடலாம், சந்தேகம் கேட்கலாம், வாரம் ஒரு பயிற்சிப் பாடம் போகும்.

கம்ப்யூட்டர் எல்லோரிடமும் இல்லை. இல்லாதவர்கள் தபாலில் எழுதுவார்கள். நான் தட்டச்சு செய்து குழுவில் போடுவேன். பதில்களை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்து அவர்களுக்குத் தபாலில் அனுப்புவேன். தமிழ் எழுத்துக்கு வழியில்லாததால் ஆங்கிலத்திலும், ஆங்கில எழுத்தில் தமிழுமாக எழுதுவோம். அதைப் படித்தால் இப்போது சிரிப்பு வரும். அப்போது பதில் வருகிற நாளுக்காகக் காத்திருந்தோம். வேலூரிலிருந்து ஒருவர், "முதல் தடவையாக நான் தனியாக இல்லை என்று தோன்றுகிறது" என்று எழுதியிருந்தார். சார் அந்த வரியை என்னை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஆரம்பத்தில் நோயாளியின் பெயரையும் எழுதித்தான் போட்டோம். யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. அப்புறம் ஒரு கல்யாணம் நின்றது. திக்கிப் பேசும் ஒரு இளைஞர் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். நல்ல முன்னேற்றம். அவரைப் பற்றிக் குழுவில் எழுதியதை ஓர் உறுப்பினர் பிரவுசிங் சென்டரில் அச்சடித்துவிட்டு ஒரு தாளை அங்கேயே மறந்துவிட்டார். அதில் பெயரும் தெருவும் இருந்தன. அது சுற்றிச் சுற்றிப் பெண் வீட்டார் கையில் போய்ச் சேர்ந்தது. அந்த இளைஞரின் அம்மா கிளினிக்குக்கு வந்தார். கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து, "அவன் நிச்சயதார்த்தத்துல ஒரு வார்த்தைகூட திக்கல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே சார் விதி போட்டார். பெயர் கூடாது, தெரு கூடாது, ஊர் கூடாது. வயதைச் சரியாகச் சொல்லக் கூடாது. ஆளைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் கூடாது. குழுவுக்கு வரும் எல்லாக் கேஸையும் முதலில் நான் அச்சடித்து சாரிடம் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை மதியம், நோயாளிகள் போன பிறகு, சார் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருவார். அடித்ததெல்லாம் போக மிச்சத்தைத்தான் நான் குழுவுக்கு அனுப்புவேன். அந்த விதி சரியான விதி. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். நோயாளி பேசத் தடுமாறுவதை முகத்தோடு வீடியோ எடுத்து வாட்ஸாப்பில் போட்டு, கீழே இதயப் படம் வைக்கிற இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் அவர்களைத் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம் வேறோர் அம்மாவின் முகம் வந்து நிற்கிறது, அதோடு என் வாய் அடைத்துவிடும்.

அந்த அம்மாவின் பெயரை இப்போதும் எழுத மாட்டேன். மயிலாப்பூரில் பாட்டு டீச்சர். பல வீட்டுப் பெண்கள் அவரிடம் பாட்டுக் கற்றவர்கள். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போயிருந்தது. மற்றவர்கள் சொல்வது நன்றாகப் புரியும். தான் சொல்ல நினைப்பதும் தெரியும். வாயில்தான் வராது. வாயைத் திறந்து, திறந்து, கடைசியில் 'த' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டு அவருக்கே வெட்கமாகி முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெரிய மகன் அழைத்து வந்தார்.

பேச்சு போன சிலருக்குப் பாட்டு போவதில்லை. பேச்சும் பாட்டும் மூளையில் ஒரே இடத்தை நம்பி இருப்பதில்லை. அதனால் வார்த்தையை மெட்டில் ஏற்றி, மெதுவாக மெட்டைக் கழற்றி, பேச்சாக ஆக்குகிற முறை ஒன்று உண்டு. சார் அதைத்தான் சொன்னார். முறை இதுதான். நோயாளியின் இடது கையை எடுத்து அவர் தொடைமேல் வைத்து, அசைக்கு ஒரு தட்டாகத் தட்ட வேண்டும். முதலில் தட்டு மட்டும். பிறகு தட்டோடு வாய் திறக்காமல் முனகல். பிறகு இருவரும் சேர்ந்து அந்த மெட்டில் வார்த்தையைப் பாட வேண்டும். பாதியில் நாம் நிறுத்திவிட வேண்டும், அவர் தொடர்ந்து போவார். தட்டுதான் வாசல். தட்டில்லாமல் முனகல் வராது, முனகல் இல்லாமல் வார்த்தை வராது.

முதல் வாக்கியமாக 'காபி வேணும்' என்று எடுத்தேன். அந்த வீட்டில் அதைவிட அவசரமான வாக்கியம் இருக்க முடியாது. கா, பி, வே, ணும். நாலு தட்டு. மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம். நான் பாடியது எங்கள் மாதா கோயில் பாடற்குழுவில் பழகிய குரலில். அந்த அம்மா என் கீழ்ச் சுரத்தைக் கேட்டதும் முகம் சுளித்தார். இடது கையை உயர்த்தி, 'மேலே, இன்னும் மேலே' என்று காட்டினார். பக்கவாதம் வந்து வார்த்தையெல்லாம் போன பிறகும் சுருதி சேராததைப் பொறுக்க முடியவில்லை அவருக்கு. நான் சரிசெய்து பாடினேன். தலையசைத்தார். எனக்குப் பாட்டு வகுப்பு, அவருக்குப் பேச்சு வகுப்பு.

பல வாரம் கழித்து ஒருநாள், நான் பாதியில் நிறுத்தியதும் அவர் நிறுத்தவில்லை. 'வேணும்' என்று முடித்தார். கரகரத்த குரல், ஆனால் சுருதி அப்படியே நின்றது. முனியம்மா வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாமா, டீச்சரம்மா பேசுதா?" என்றாள். கீழே ஓடிப்போய் ஓட்டலிலிருந்து ஒரு காபி வாங்கி வந்து கொடுத்தாள். அந்த அம்மா குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் தொடையில் நாலு தட்டுத் தட்டி, பாடிக் கேட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார்.

அப்புறம் ஒரு மாதம் வரவில்லை. பெரிய மகன், "அம்மா ஊருக்குப் போயிருந்தா" என்றார். இந்த நேரத்தில் இடைவெளி விடக் கூடாது என்று சார் எடுத்துச் சொன்னார். தலையை ஆட்டினார். அந்த மாதம் அந்த அம்மா வந்தார், அடுத்த மாதம் மறுபடி ஊர். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் விட்ட இடத்தைவிடப் பின்தங்கி நின்றார். பிறகு ஒருமுறை வந்தபோது, நான் அவர் கையை எடுத்துத் தொடையில் வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இழுத்த கையைத் தன் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். கெஞ்சிப் பார்த்தேன், பாடிப் பார்த்தேன். கை வெளியே வரவில்லை. தப்புச் செய்த குழந்தை மாதிரி என்னைப் பார்த்தார்.

இது குழுவில் கேட்க வேண்டிய கேஸ் என்று முடிவு செய்து எழுதினேன். மயிலாப்பூர் பாட்டு டீச்சர், பாட்டு வழியில் பயிற்சி, கையால் தட்டிப் பாடிக்கொண்டிருந்தவர், இப்போது கையை ஒளிக்கிறார், ஏன்? சனிக்கிழமை சார் சிவப்புப் பென்சிலை எடுத்தார். 'மயிலாப்பூர்' போயிற்று. 'பாட்டு டீச்சர்' போயிற்று. 'பாட்டு வழியில்' என்பதிலும் பென்சில் வந்து நின்றது.

"சார், அது பயிற்சி முறை. அதை எடுத்தா கேள்வியே புரியாது."

"மாட வீதியில பக்கவாதம் வந்து பாட்டுல பேசக் கத்துக்கறவா எத்தனை பேர் இருப்பா? பாட்டுன்னு ஒரு வார்த்தை இருந்தா போறும், யாருன்னு தெரிஞ்சுடும். பேச்சுப் பயிற்சின்னு போடுங்கோ." அந்த இளைஞரின் அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். நான் அப்படியே மாற்றி எழுதினேன்.

ஆக, குழுவுக்குப் போனது இவ்வளவுதான்: அறுபதைக் கடந்த பெண், பேச்சுப் பயிற்சியில் முன்னேறி வந்தவர், விட்டுவிட்டு வருகிறார், இப்போது இடது கையை ஒளித்துக்கொள்கிறார். பதில்கள் வந்தன. மனச்சோர்வாக இருக்கலாம் என்றார் ஒருவர். வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்று பாருங்கள் என்றார் இன்னொருவர். எல்லாம் அக்கறையான பதில்கள்தான்.

அதற்குச் சில வாரம் முன்னால் வேறொரு கேஸ் வந்திருந்தது. அனுப்பியவள் தி. நகரில் தனியாகக் கிளினிக் வைத்திருந்த ஜெயந்தி. கெட்டிக்காரப் பெண். கேள்வி கேட்கத் தயங்காதவள், அதனாலேயே சாருக்குப் பிடித்தவள். அவளுடைய நோயாளி வயதான ஒரு பெண், வீட்டோடு இருந்தவர், பக்கவாதம், பேச்சு இல்லை, விட்டுவிட்டு வருகிறார். படப் பலகையை வைத்துப் பயிற்சி கொடுத்தாள். தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை என்று படங்கள். வேண்டியதை நோயாளி இடது கையால் தொட்டுக் காட்ட வேண்டும். 'இவர் படத்தைத் தொடாமல் அந்தக் கையால் தொடையைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். தட்டும்போது முனகலும் உண்டு. எப்படி நிறுத்துவது?'

சாரே பதில் சொன்னார். நான்தான் தட்டச்சு செய்தேன். 'பக்கவாதத்துக்குப் பிறகு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது அடிக்கடி காணப்படுவது. கோபப்பட வேண்டாம். கையை மெதுவாகப் பிடித்துப் படத்தின் மேல் வையுங்கள். மறுபடி தட்டினால் மறுபடி பிடித்து வையுங்கள். வீட்டாரையும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். பொறுமையாகச் செய்தால் நிற்கும்.' புத்தகத்தில் இருப்பது அதுதான். யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சில வாரம் கழித்து ஜெயந்தி நன்றி சொல்லி எழுதினாள். தட்டுவது நின்றுவிட்டது என்றாள்.

இதைப் படிக்கும் உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு தாளில் ஒரு நோயாளி, இன்னொரு தாளில் இன்னொரு நோயாளி. இரண்டையும் அச்சடித்து ஒரே மேசையில் வைத்தேன். இருவரும் ஒருவர்தான் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த அம்மா. அவருக்குப் பேச்சு இல்லை.

கோடை விடுமுறையில் குழு முதல் தடவையாக நேரில் கூடியது. கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தை ஒருநாள் கொடுத்தார்கள். மின்னஞ்சலில் மட்டுமே தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லித் தேடிக்கொண்டிருந்தார்கள். மதுரைக்காரர், "சார் எழுதுறதைப் பார்த்து ஆறடி இருப்பார்னு நெனச்சேன்" என்றார். சாருக்கு ஒரே சந்தோஷம். குழந்தைகளின் பெஞ்சில் எல்லோரும் முழங்காலை மடக்கி உட்கார்ந்தோம். மதியம் பயிற்சி. ஒவ்வொருவரும் ஒரு கேஸைச் சொல்லி, காசெட்டைப் போட வேண்டும். பெயர் மட்டும் சொல்லக் கூடாது.

ஜெயந்தியின் முறை வந்தது. கையைத் தட்டும் நோயாளியைப் பற்றிச் சொன்னாள். தட்டுவதை எப்படி நிறுத்தினாள் என்பதை மற்றவர்களுக்குப் பாடமாகக் காட்ட விரும்பினாள். டேப்பைப் போட்டாள். சார் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் மின்விசிறிச் சத்தம். அப்புறம் துணிமேல் உள்ளங்கை படும் சத்தம். நாலு தட்டு. கொஞ்சம் நிறுத்தம். மறுபடி நாலு தட்டு. பிறகு தட்டோடு சேர்ந்து ஒரு முனகல், மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே இறங்கியது சுத்தமாக இறங்கியது. என்னைத் திருத்திய அதே சுரம். டேப்பில் ஜெயந்தியின் குரல், எவ்வளவு அன்பான குரல்: "கையை எடுங்கம்மா. இங்க வைங்க. படத்து மேல. ஆங், அப்படித்தான்." தட்டு நின்றது. முனகல் நின்றது. மறுபடி இரண்டு தட்டு. "இல்லம்மா, இங்க வைங்க." அதோடு ஒன்றும் இல்லை, மின்விசிறி மட்டும்.

சார் கண்ணைத் திறக்காமலே, "திரும்பப் போடுங்கோ" என்றார். ஜெயந்தி போட்டாள். முடிந்ததும் கண்ணைத் திறந்தார். "இவா பேர் என்ன?"

ஜெயந்திக்கு அது ஏதோ பரீட்சை என்று தோன்றியிருக்க வேண்டும். "பேரு சொல்லக் கூடாது சார். நீங்கதானே சொன்னீங்க."

"சொல்லுங்கோம்மா."

சொன்னாள். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான்தான் ஜெயந்தியை வெளியே அழைத்துப் போய்ச் சொன்னேன். அவள் ஊஞ்சல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவங்க கையை நான் ஒவ்வொரு தடவையும் பிடிச்சேன் மேடம். என்கிட்ட பேச வந்தாங்க, நான் கையைப் பிடிச்சேன்."

அன்று சாயங்காலமே சாரும் நானும் ஆட்டோவில் பெரிய மகன் வீட்டுக்குப் போனோம். அவர் மறைக்கவில்லை. அண்ணன் தம்பிக்குள் பேச்சு கிடையாதாம். சொத்து விவகாரம். அம்மா ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் தி. நகரில் தம்பி வீட்டில். "அம்மாவை மாசம் பிரிச்சு வெச்சிண்டிருக்கோம்னு வெளில எப்படி சார் சொல்றது? அதான் ஊர்னு சொன்னேன். அவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான். அவன் எங்க அழைச்சிண்டு போறான்னு எனக்குத் தெரியாது." தம்பியையும் பார்த்தோம். ஜெயந்தியின் கிளினிக்கில் 'தொழில்' என்று கேட்டபோது 'ஹவுஸ்வைஃப்' என்று எழுதியவர் அவர். அம்மா வேலைக்குப் போனதில்லையே, வீட்டுக் கூடத்தில்தானே பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள் என்றார். அந்தக் கூடத்தில் வந்த வருமானத்தில் படித்தவர். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு வந்தேன். இன்றைக்கும் அது முழுக்கப் போகவில்லை.

அதன் பிறகு இரண்டு மகன்களும் ஒரே இடத்துக்கு அனுப்பச் சம்மதித்தார்கள். ஜெயந்தி மயிலாப்பூருக்கு வந்து என்னோடு உட்கார்ந்தாள். முதல் நாள் சார் அந்த அம்மாவின் எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "தப்பு எங்க மேலதான். நீங்க சரியாத்தான் பண்ணினேள். கையை நிறுத்தச் சொன்னது நான். மன்னிச்சுக்கோங்கோ" என்றார். அந்த அம்மா அவர் முகத்தையும் ஜெயந்தி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சார் தன் தொடையில் நாலு தட்டுத் தட்டிக் காட்டினார். அந்த அம்மாவின் கை தொடைக்கு அடியிலேயே இருந்தது.

கை வெளியே வரப் பல நாள் ஆயிற்று. வந்த பிறகும் அது பழைய கை இல்லை. தட்டுவதற்கு முன் எங்கள் முகத்தைப் பார்ப்பார், தட்டலாமா என்று. தலையசைத்தால் ஒரு தட்டு. மறுபடி முகத்தைப் பார்ப்பார். தாளம் அப்படி நிற்காது, முனகல் பாதியில் அறுந்துபோகும். ஒருவர் வாழ்நாள் முழுக்க வைத்திருந்த தாளத்தை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து, படித்ததையெல்லாம் பயன்படுத்தி, பொறுமையாக, அன்பாக அழித்திருந்தோம். 'காபி' வரை ஒரு சில தடவை வந்தார். 'வேணும்' வரவில்லை. மழைக்காலத்தில் இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. அதிலிருந்து அவர் எழவில்லை.

சார் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். இந்தத் தடவை நான் தட்டச்சு செய்யவில்லை, அவரே ஒரு விரலால் தட்டினார். நடந்ததை எழுதி, தன் பெயரை முழுதாகப் போட்டு, அந்த அம்மாவின் பெயரை மட்டும் விட்டிருந்தார். கேஸ் அனுப்புமுன் பதில் எழுத வேண்டிய கேள்விகளில் கடைசியாக ஒன்றைச் சேர்த்தார். நிவேதா எடுத்துவிடலாமா என்று கேட்டது அதைத்தான். அப்புறம் கோயம்புத்தூரிலிருந்து அங்கிருந்த இருவரில் ஒருவர் எழுதினார். அந்தக் கேள்வியைக் கேட்டதில், ஒரு குழந்தையை இருவரும் பார்த்துக்கொண்டிருப்பது தெரிய வந்ததாம். சார் அதைப் படித்தார். குழு அதன் பிறகும் வளர்ந்தது, சார் கடைசிவரை அதை நடத்தினார். ஆனால் யாருடைய கேள்விக்கும் அவர் நேராகப் பதில் சொல்லி நான் பார்க்கவில்லை. "அவாளைப் போய்ப் பாருங்கோ" என்று மட்டும் எழுதுவார்.

சாரின் மின்னஞ்சலில் இல்லாத ஒன்று உண்டு. அந்த அம்மா காலமான பிறகு, காரியமெல்லாம் முடிந்து, ஜெயந்தியும் நானும் பெரிய மகன் வீட்டுக்குப் போனோம். அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதும் பேசிக்கொள்ளவில்லை. பெரிய மருமகள் எல்லோருக்கும் காபி கொண்டுவந்தார். தம்பி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"அம்மா எங்காத்துல தினமும் கார்த்தால எழுந்ததும் தட்டுவா. நாலு நாலா தட்டுவா. நான் சமையல் ரூம்லேர்ந்து என் காபியோட வரச்சே என்னைப் பாத்துப் பாத்துத் தட்டுவா. டாக்டர் நிறுத்தச் சொல்லியிருக்கான்னு கையைப் பிடிச்சு மடியில வெச்சுட்டு, கஞ்சியைக் குடுப்பேன். அது என்ன மேடம், ஏதாவது பாட்டா?"

ஜெயந்தி தரையைப் பார்த்தாள். நான் அவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தேன். பெயரை மறைக்கலாம், தெருவை மறைக்கலாம். இதை மறைக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

"காபி கேட்டிருக்காங்க" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த அண்ணனைப் பார்த்து, பல வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் அண்ணன். "இங்க தினம் குடுப்போம்."